கராஜிலிருந்து பேஸ்மெண்ட்டுக்கு: பியர் காய்ச்சும் ஆறரை மணி நேரம் இரண்டே முக்கால் ஆன கதை

நேற்று செவ்வாய்க்கிழமை. ராத்திரி சாப்பாடு முடிந்து, மகன் தூங்கிய பிறகு, 7:35க்கு அடுப்பைப் போட்டேன். 10:18க்குத் தரையைத் துடைத்து, விளக்கை அணைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். இன்று காலை இறங்கிப் பார்த்தால், பியர் நொதிக்கும் வாளியின் ஏர்லாக்கில், அதாவது உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பில், குமிழி வர ஆரம்பித்திருந்தது. மொத்தம் 2 மணி 43 நிமிடம். போன அக்டோபர் வரை இதே வேலைக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் நான்கு மாதம் செய்த தவறுகள், கொட்டிய பத்து லிட்டர் பியர், ஆன செலவு எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. நான் இருப்பது டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில். கனடாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பியர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதைப் படிப்பதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஏற்பாடு கராஜில் இருந்தது. புரொபேன் பர்னர், மூன்று பெரிய பாத்திரங்கள், ஒரு தடவைக்கு 20 லிட்டர். கோடையில் அதைப் போலச் சுகம் கிடையாது. ஆனால் டிசம்பரில் மைனஸ் 14 டிகிரியில் கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். தோட்டத்து ஹோஸ் உறைந்து குச்சி மாதிரி ஆகிவிடும். சிலிண்டர் மேல் வெள்ளையாக உறைபனி படிந்து, தீ படிப்படியாகச் சிறுத்துப்போகும். கதவை மூடிக்கொண்டு காய்ச்சலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அது ஆளைக் கொல்லும். புரொபேன் பர்னர் திறந்த வெளிக்கானது.

உள்ளே மாறுவது என்று முடிவான பிறகு, கடைசியாக வெளியே காய்ச்சிய அன்று ஒரு நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் குறித்தேன். சாமான்களை இறக்கி வைக்க 35 நிமிடம். தண்ணீர் சுட 40. மாஷ், அதாவது அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) சுடுதண்ணீரில் ஊற வைப்பது, 60. அலசி வடிக்க 50. கொதி வர 30. கொதிக்க 60. ஆற 40. கழுவ 75. கூட்டினால் 390 நிமிடம், ஆறரை மணி நேரம். கழுவுவதுதான் எல்லாவற்றையும்விட நீளமான வேலை என்பது அந்த நோட்டைப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது. அடுப்பைப் பெரிதாக்கினால் நேரம் குறையும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் முதல் முயற்சி சமையலறையில். கண்ணாடி மேல்தட்டு உள்ள மின்சார அடுப்பு. பழைய 30 லிட்டர் பாத்திரத்தை அப்படியே ஏற்றினேன். பாத்திரத்தின் அடி அடுப்பு வளையத்தைவிட அகலம், உள்ளே 26 லிட்டர் திரவம். ஒரு மணி நேரம் கழித்தும் நடுவில் மட்டும் சின்னதாகக் கொப்பளித்தது. முழுக் கொதி வரவே இல்லை. அலமாரிக் கதவுகளில் நீர் வழிந்தது. மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து, "என்னங்க, துவைச்சு மடிச்ச துணியெல்லாம் ஹார்லிக்ஸ் வாசம் அடிக்குது" என்றார். உண்மைதான். மால்ட்டைக் கொதிக்க வைத்தால் வீடு பூரா அந்த வாசம்தான். அன்று இரண்டு முடிவு எடுத்தேன். சமையலறை வேண்டாம், பேஸ்மெண்ட்டில் துணி துவைக்கும் இடத்துக்குப் போவது. 20 லிட்டர் வேண்டாம், 11 லிட்டர் போதும்.

பாதியாக்கியதில்தான் பெரிய லாபம் கிடைத்தது. 11 லிட்டருக்கு மால்ட் 2.7 கிலோ, தண்ணீர் 15 லிட்டர், பாத்திரம் ஒன்றே ஒன்று. மால்ட்டைத் துணிப்பையில் போட்டு ஊற வைத்து, பையைத் தூக்கினால் அதே பாத்திரத்தில் கொதிக்க வைத்துவிடலாம். மற்ற இரண்டு பாத்திரங்களும், அலசும் 50 நிமிடமும் அடியோடு போய்விட்டன. நனைந்த பை ஆறு கிலோ சொச்சம் இருக்கும், கையாலேயே தூக்கலாம். 20 லிட்டருக்கு இதே முறையில் செய்தால் கப்பி கட்டித்தான் தூக்க வேண்டும்.

சரி, அடுப்பு. பேஸ்மெண்ட்டில் இருப்பது 120 வோல்ட் பிளக், 15 ஆம்பியர் பிரேக்கர். 85 டாலருக்கு 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். பழைய பாத்திரத்தை வைத்தேன். பிழை எண் காட்டிவிட்டு அணைந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்த்தேன், ஒட்டாமல் கீழே விழுந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சில வகை காந்தத்தில் ஒட்டும், சில வகை ஒட்டாது; ஒட்டாத பாத்திரம் இண்டக்‌ஷனில் சூடாகாது. அடுத்த தடவை கடைக்குப் போனபோது காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், ஒட்டிப் பார்த்துத்தான் 23 லிட்டர் பாத்திரம் வாங்கினேன், 75 டாலர்.

புதுப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரை ஊற்றிச் சோதித்தபோது இன்னொரு சிக்கல். பத்தாவது நிமிடம் பிரேக்கர் விழுந்தது. அதே லைனில் ஃப்ரீசரும் இருக்கிறது. ஒவ்வொரு பிரேக்கராக அணைத்து, எந்தப் பிளக் எதில் இருக்கிறது என்று ஒரு மேஜை விளக்கைச் செருகிச் செருகிப் பார்த்து, சுவரில் பென்சிலால் எழுதினேன். வாஷிங் மெஷினுக்குத் தனி லைன் இருந்தது. அதில் அடுப்பை 1800ல் வைத்தால் 15 ஆம்பியரை முழுசாக இழுக்கிறது, அது சரியில்லை. 1500ல் வைத்தால் 12.5 ஆம்பியர், பிளக்கைத் தொட்டால் இளஞ்சூடுதான். அன்றிலிருந்து 1500க்கு மேல் ஏற்றுவதில்லை, காய்ச்சும் நாளில் துணி துவைப்பதுமில்லை. தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடம் என்பதால், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ அடாப்டர் ஒன்றைப் பிளக்கில் மாட்டினேன், 35 டாலர். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது.

1500 வாட்டில் 15 லிட்டர் தண்ணீரை 20லிருந்து 70 டிகிரிக்குக் கொண்டுவர 41 நிமிடம் ஆனது. அதைப் பாதியாக்கியது வீட்டில் இருந்த 1.7 லிட்டர் மின்சாரக் கெட்டில். எதிர்ச் சுவரில் இருக்கும் பிளக் வேறு லைன். அங்கே கெட்டிலை வைத்து, பாத்திரத்திலிருந்தே மூன்று தடவை மொண்டு கொதிக்க வைத்துத் திரும்ப ஊற்றுகிறேன். பாத்திரத்தில் மீதி 10 லிட்டர் 56 டிகிரியைத் தொடும்போது, கெட்டிலின் 5 லிட்டரும் சேர்ந்தால் மொத்தமும் 70க்கு வந்து நிற்கிறது. 20 நிமிடம். தண்ணீரை முந்தின நாள் ராத்திரியே பிடித்து வைத்துவிடுவதும் முக்கியம். பிப்ரவரியில் குழாய்த் தண்ணீர் 4 டிகிரியில் வருகிறது. ஒரு ராத்திரி உள்ளே இருந்தால் அதுவே அறையின் சூட்டுக்கு வந்துவிடும். அப்போதே காம்ப்டன் மாத்திரையில் கால் பங்கை நசுக்கிப் போட்டுவிடுவேன். டொரண்டோ தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமினை அது நீக்கும். சும்மா திறந்து வைத்தால் குளோரமின் போகாது, போகாவிட்டால் பியரில் மருந்துக்கடை வாசம் வரும்.

குழாயின் சுடுதண்ணீரை நேரடியாகப் பிடித்தால் இன்னும் சீக்கிரம் ஆகுமே என்று ஒரு தடவை யோசித்தேன். ஹீட்டர் தொட்டியில் கிடந்த தண்ணீர் சமையலுக்கு நல்லதல்ல. விட்டுவிட்டேன்.

டிசம்பரில் பேஸ்மெண்ட்டில் முதல் தடவை காய்ச்சினேன். பை போட்டு 67 டிகிரியில் மாஷ் ஆரம்பித்தது. பேஸ்மெண்ட் 16 டிகிரி, பாத்திரத்தைச் சுற்றி எதுவும் இல்லை. இருபதாவது நிமிடம் பார்த்தால் 63. பதறி, பை உள்ளே இருக்கும்போதே அடுப்பை 1500ல் போட்டேன். மூன்று நிமிடத்தில் பால் அடிப்பிடித்த வாசம். பையைத் தூக்கினால் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு வட்டம், நடுவில் ஓட்டை. மாவு பாத்திரத்தின் அடியில் தங்கி, பைக்குக் கீழே தீய்ந்திருந்தது. கொதித்தால் சரியாகிவிடும் என்று மேற்கொண்டு செய்தேன், ஆகவில்லை. மூன்று வாரம் கழித்துத் திறந்த முதல் பாட்டிலிலேயே தீய்ந்த ருசி. பத்து லிட்டரையும் கொட்டினேன்.

அதற்கு இரண்டு மாற்று செய்தேன். குமிழி வைத்த அலுமினியக் காப்புத்தாள் 16 டாலருக்கு வாங்கி, பாத்திரத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு கட்டினேன். மாஷ் சமயத்தில் மேலே ஒரு பழைய கம்பளியும். இப்போது அரை மணி நேரத்தில் ஒன்றரை டிகிரிதான் இறங்குகிறது, அடுப்பைத் தொடவே வேண்டாம். இரண்டாவது, ஆவியில் வேக வைக்கப் பயன்படும் ஓட்டைத் தட்டு ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது, இடியாப்பம் வைப்பது. அதைப் பாத்திரத்தின் அடியில் போட்டேன். பை இனி அடியைத் தொடாது. அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

மாஷை 60லிருந்து 30 நிமிடமாக்கலாமா என்பதற்கு அயோடின் சோதனை செய்தேன். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு மாஷ் நீர், அதன் மேல் ஒரு சொட்டு மருந்துக்கடை அயோடின். ஸ்டார்ச் மிச்சம் இருந்தால் கருநீலமாகும். பத்தாவது நிமிடம் மை மாதிரி கறுத்தது. இருபதில் ஊதா. முப்பதில் அயோடினின் சொந்தப் பழுப்பு மாறாமல் அப்படியே நின்றது. போதும். ஆனால் அந்தத் தடவை, கரைந்திருக்கும் சர்க்கரையை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.039தான் காட்டியது, நான் எதிர்பார்த்தது 1.048. ஸ்டார்ச் மாறியது சரி, மால்ட் நன்றாக உடையவில்லை. கையில் அள்ளிப் பார்த்தால் முழுசு முழுசாக மணிகள். அடுத்த தடவை கடையில் "ரெண்டு தடவை மில்லில் விட்டுக் கொடுங்க" என்று கேட்டு வாங்கினேன். 1.047 வந்தது. பையில் வடிப்பதால் ரவை மாதிரி இருந்தாலும் அடைக்காது. பழைய மூன்று பாத்திர முறையில் அப்படி உடைத்தால் வடிகுழாய் அடைத்து நின்றுவிடும்.

கொதியையும் 60லிருந்து 30 நிமிடமாக்கினேன். பியருக்குக் கசப்பும் வாசனையும் தருவது ஹாப்ஸ் என்ற பூ; குறைந்த நேரத்தில் அதிலிருந்து கசப்பு குறைவாகத்தான் இறங்கும். அதனால் கசப்புக்கான மேக்னம் ரகம் 11 கிராம் போட்ட இடத்தில் 14 கிராம். வாசனைக்குப் போடும் காஸ்கேட் ரகம் எப்படியும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான், அதில் மாற்றமில்லை. நான் போடுவது சாதாரண வெளிர் மால்ட். பில்ஸ்னர் மால்ட் என்றால் 30 நிமிடத்தை நம்ப மாட்டேன். சரியாகக் கொதிக்காவிட்டால் வேக வைத்த சோள வாசம் தங்கிவிடும்.

அடுத்தது ஆவி. பேஸ்மெண்ட்டில் காய்ச்ச நினைப்பவர்கள் அடுப்பைவிட இதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். அரை மணி நேரக் கொதியில் முக்கால் லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. ஜனவரியில் ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்துக் காய்ச்சினேன். மறுநாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தால், கூரை உத்தரங்களில் வரிசையாகத் துளிகள், இரும்பு டக்ட்டின் (காற்றுக் குழாயின்) அடியில் நீர்க்கோடு, ஜன்னல் கண்ணாடியில் பனிக்கட்டி. ஈரப்பத மானி 84 காட்டியது. இப்படியே மாதம் இரண்டு தடவை செய்தால் மரத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்று உலர்த்தும் மெஷின் இரண்டு நாள் ஓடியது.

ஆறு இஞ்சு டக்ட் ஃபேன் 58 டாலர். மடங்கும் அலுமினியக் குழாய், வெளியே மாட்டும் மூடி, ஜன்னலுக்கு அளவாக வெட்டிய பிளைவுட் எல்லாம் சேர்ந்து 37. பெரிய ஸ்டீல் மாவுப் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் ஆறு இஞ்சு துளை போட்டு, பாத்திரத்துக்கு ஒன்றே கால் அடி மேலே சங்கிலியில் தொங்க விட்டேன். அந்தத் துளை போடத்தான் ஒரு மாலை முழுக்கப் போனது; ஜிக்சா பிளேடு இரண்டு உடைந்தது. மூன்றாவதாக, உலோகத்துக்கான மெல்லிய பல் பிளேடு போட்டு, எண்ணெய் விட்டு மெதுவாக அறுத்தேன், வந்தது. ஃபேனைப் போட்டதும் ஆவி ஒரு இழை பிசகாமல் மேலே போனது. அவ்வளவு சந்தோஷம்.

அங்கேதான் பெரிய தப்பு ஒளிந்திருந்தது. பேஸ்மெண்ட்டில் கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது, பழைய மாடல். அதன் புகை, உச்சியில் உள்ள திறந்த கூம்பு வழியாகத் தானாக மேலெழுந்து புகைபோக்கிக்குப் போகும். ஃபேன் அறைக் காற்றை வெளியே இழுத்தால், அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று உள்ளே வர வேண்டும். ஜன்னலையோ பிளைவுட்டால் அடைத்துவிட்டேன். ஏதோ உறுத்தியது. பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்து வந்து, ஹீட்டர் ஓடும்போது அந்தக் கூம்பின் விளிம்பில் பிடித்தேன். ஃபேன் அணைந்திருக்கும்போது புகை வளைந்து கூம்புக்குள் போனது. ஃபேனைப் போட்டேன். புகை ஒரு நொடி தயங்கி நின்று, அப்புறம் திரும்பி என் முகத்துக்கு வந்தது. அதாவது ஹீட்டரின் கழிவுப் புகை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. உடனே ஃபேனை நிறுத்தி, ஹீட்டரை அணைத்து, கதவுகளைத் திறந்தேன். மேலே மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

இப்போது செய்வது இதுதான். எதிர்ப்பக்க ஜன்னலை எட்டு சென்டிமீட்டர் திறந்து வைப்பேன். ஃபேனுக்கு வேகக் கட்டுப்பாடு இருந்தது நல்லதாகப் போயிற்று, பாதியில் வைத்தாலே ஆவி முழுக்கப் போகிறது. கொதி நடக்கும் நேரம் மட்டும் வாட்டர் ஹீட்டரைப் பைலட்டுக்கு, அதாவது சிறு சுடர் மட்டும் எரியும் நிலைக்கு, இறக்கிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் ஊதுபத்தி பிடித்துப் பார்த்த பிறகுதான் காய்ச்சுவேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் மாடியில் மட்டும் இருந்தது. பேஸ்மெண்ட்டுக்கும் ஒன்று மாட்டிவிட்டேன். அது எப்படியும் இருந்திருக்க வேண்டியது, கணக்கில் சேர்க்கவில்லை. கேஸ் ஹீட்டரோ வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸோ இருக்கும் அறையில் ஃபேன் மாட்டுகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.

ஆற வைப்பதில் குளிர்காலம் கைகொடுத்தது. பழைய செப்புக் குழாய்ச் சுருள்தான், 25 அடி. அதைப் பாத்திரத்துக்குள் இறக்கி, சலவைத் தொட்டியின் குழாயில் நேராக மாட்டினேன். 4 டிகிரித் தண்ணீர் ஓடுவதால் 12 லிட்டரும் 12 நிமிடத்தில் 19 டிகிரிக்கு வந்துவிட்டது. சுருளிலிருந்து முதலில் வெளிவரும் கொதிநீரை வீணாக்காமல் கழுவும் பொடி போட்ட வாளியில் பிடிக்கிறேன். கழுவல் 75லிருந்து 25 நிமிடம் ஆனதற்குக் காரணம் அந்த வாளியும், மாஷ் நேரத்தில் சும்மா நிற்காமல் கைக்குக் கிடைத்ததைக் கழுவிவிடுவதும்தான்.

நேற்றைய நோட்டு: எடுத்து வைக்க 10, தண்ணீர் சுட 20, மாஷ் 30, பையைத் தூக்கிப் பிழிந்து கொதி வர 26, கொதி 30, ஆற 12, வாளிக்கு மாற்றி ஈஸ்ட் போட 10, கழுவ 25. ஹைட்ரோமீட்டர் 1.048. ஈஸ்ட் யுஎஸ்-05 ஒரு பாக்கெட். பேஸ்மெண்ட் மூலையில் வாளி 18 டிகிரியில் தானாகவே நிற்கிறது, கராஜில் இது நடக்காது.

செலவு: அடுப்பு 85, பாத்திரம் 75, துணிப்பை 18, ஜிஎஃப்சிஐ 35, ஃபேன் 58, குழாயும் பிளைவுட்டும் 37, காப்புத்தாள் 16. மொத்தம் 324 டாலர். பழைய பர்னரையும் இரண்டு பாத்திரங்களையும் 120க்கு விற்றேன், ஆக கையை விட்டுப் போனது 204. ஒரு தடவைக்கு மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் சேர்ந்து 25 டாலர் பக்கம். 341 மில்லி பாட்டிலில் முப்பது வரும். பாட்டில் கணக்கில் 20 லிட்டர்தான் மலிவு, காரணம் ஈஸ்ட் பாக்கெட் இரண்டுக்கும் ஒன்றேதான். ஆனால் வாரநாள் ராத்திரியில் முடிகிறது என்பதால், மாதம் ஒன்று காய்ச்சிய இடத்தில் இப்போது இரண்டு காய்ச்ச முடிகிறது. ஒன்றில் தப்பு நேர்ந்தாலும் பத்து லிட்டரோடு போகும்.

திரும்பச் செய்தால் ஃபேனையே வாங்க மாட்டேன். மூடியில் ஒரு குழாய் வைத்து, அதற்குள் மெல்லியதாகக் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால், ஆவி அங்கேயே தண்ணீராகி வடிகாலுக்குப் போய்விடும். காற்று வெளியே போகாது, ஹீட்டர் பயமும் இல்லை, மூடி போட்டிருப்பதால் 1500 வாட்டே தாராளம். மூடிக்குத் துளை போட இரண்டு இஞ்சு ஹோல்சா எடுத்து வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் குழாய்த் தண்ணீர் 20 டிகிரிக்குப் பக்கம் போகும்போது இந்தச் சுருள் எப்படியும் திணறும். அதற்கு ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் மூழ்க வைக்க இன்னொரு சுருள் தேவைப்படும், செப்பு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.